தட்கல் பாட் முதல் பஞ்சாயத்து டேட்டா வரை: வலைப்பக்கத்துக்குள் வெளியாள் கோட் ஓடுவது எப்படி?

காலை 10 மணிக்கு ஏசி வகுப்புக்கான தட்கல் முன்பதிவு திறக்கும். 11 மணிக்கு ஏசி அல்லாத வகுப்பு. நீங்கள் பெயரை டைப் செய்து, வயதைப் போட்டு, பெர்த்தைத் தேர்வு செய்வதற்குள் ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்று வந்து நிற்கும். ‘மனுஷங்க யாரும் இவ்வளவு வேகமா டைப் பண்ண முடியாதே’ என்று தோன்றியிருந்தால், உங்கள் சந்தேகம் சரிதான். தட்கல் திறந்த முதல் 5 நிமிடங்களில் வரும் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை பாட்களுடையவை என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகமே சொன்னது. சந்தேகத்துக்கிடமான 2.5 கோடி யூசர் ஐடிக்களை முடக்கியதாகவும் அறிவித்தது.

இந்த பாட்களுக்குப் பின்னால் இருக்கும் நுட்பத்தைக் கண்டுபிடித்தவர்கள் டிக்கெட் புரோக்கர்கள் அல்ல. ஐடி நிறுவனங்களில் சாஃப்ட்வேர் சோதிப்பவர்கள் தினமும் பயன்படுத்துவது அது. அரசுத் தளங்களில் சிதறிக் கிடக்கும் தகவலைத் திரட்ட ஆய்வாளர்களும் டேட்டா ஜர்னலிஸ்ட்களும் நம்பியிருப்பதும் அதுதான். ஆன்லைன் மோசடிக்காரர்கள் உங்களையே வைத்து உங்கள் அக்கவுன்ட்டைத் திருட வைப்பதும் கிட்டத்தட்ட அதே வழியில்தான்.

பிரவுசரை ஒரு புரோகிராம் ஓட்டுவது, ஓட்டிக்கொண்டே பக்கத்துக்குள் தன் சொந்த கோடை இறக்குவது. இது எப்படி வேலை செய்கிறது? எங்கே பயன்படுகிறது, எங்கே குற்றமாகிறது?

வலைப்பக்கத்துக்குள் என்ன இருக்கிறது?

நீங்கள் ஒரு வெப்சைட்டைத் திறந்தால் மூன்று விஷயங்கள் வந்து சேரும். ஹெச்டிஎம்எல் என்பது பக்கத்தின் எலும்புக்கூடு. சிஎஸ்எஸ் அதன் உடை, அலங்காரம். ஜாவாஸ்கிரிப்ட் அதன் நடமாட்டம்: பட்டனை அழுத்தினால் என்ன ஆகவேண்டும், மாநிலத்தைத் தேர்வு செய்தால் மாவட்டப் பட்டியல் எப்படி வரவேண்டும் என்பதெல்லாம் இதன் பொறுப்பு.

பிரவுசர் இவற்றை வாங்கி, தன் நினைவகத்தில் ஒரு மரம்போல அடுக்கிவைக்கும். தலைப்பு ஒரு கிளை, அட்டவணை ஒரு கிளை, அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஒரு சிறு கிளை. இதற்கு ‘டாம்’ என்று பெயர். நாம் திரையில் பார்ப்பது இந்த மரத்தின் படம் மட்டுமே. ஜாவாஸ்கிரிப்டால் இந்த மரத்தின் எந்தக் கிளையையும் படிக்க முடியும், மாற்ற முடியும், வெட்டவும் முடியும்.

அந்த ஜாவாஸ்கிரிப்ட் வெப்சைட் அனுப்பியதாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரவுசர் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அதற்குள் நீங்களும் ஒரு கோடை எழுதி ஓடவிடலாம்.

பிரவுசர் ஆட்டோமேஷன் எங்கிருந்து வந்தது?

2004இல் சிகாகோவில் உள்ள தாட்வொர்க்ஸ் அலுவலகத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்ற இன்ஜினீயர், நிறுவனத்தின் உள் உபயோகத்துக்கான ஒரு வெப் அப்ளிகேஷனைத் திரும்பத் திரும்பக் கையால் சோதித்து அலுத்துப்போனார். தனக்குப் பதில் பட்டன்களை அழுத்தும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோடை எழுதினார். அதுதான் பின்னாளில் ‘செலினியம்’ ஆனது. அப்போது சோதனைக் கருவிச் சந்தையில் பெரிய பெயர் மெர்குரி, அதாவது பாதரசம். பாதரச விஷத்துக்கு மாற்று செலினியம் என்ற கிண்டலில் பிறந்த பெயர் இது.

அந்த முதல் செலினியம் முழுக்கவே பக்கத்துக்குள் இறங்கி ஓடும் கோட்தான். அங்கேயே அதற்கு ஒரு சுவரும் இருந்தது. ஒரு தளத்தின் கோட் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொடக்கூடாது என்று பிரவுசர்கள் வைத்திருக்கும் ‘சேம் ஆரிஜின்’ விதி. இந்த விதி இல்லாவிட்டால், ஒரு டேபில் நீங்கள் திறந்த சினிமா கிசுகிசு தளம், பக்கத்து டேபில் இருக்கும் உங்கள் பேங்க் பக்கத்தைப் படித்துவிடும்.

இந்தச் சுவரைத் தாண்ட, கோடை உள்ளிருந்து ஓட்டுவதற்குப் பதிலாக பிரவுசரையே வெளியிலிருந்து ஓட்டும் முறையை சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கினார். அதுதான் ‘வெப்டிரைவர்’. இரண்டும் இணைந்து 2011இல் செலினியம் 2 வந்தது. 2018 ஜூனில் வெப்டிரைவரை டபிள்யூ3சி அமைப்பு அதிகாரபூர்வ வலைத் தரமாக ஏற்றது. இதற்கிடையே 2017இல் கூகுளின் குரோம் குழு ‘பப்பெட்டியர்’ கருவியையும், 2020இல் மைக்ரோசாஃப்ட் ‘பிளேரைட்’ கருவியையும் வெளியிட்டன. திரையில் ஜன்னலே தெரியாமல் பின்னணியில் ஓடும் ‘ஹெட்லெஸ்’ பிரவுசர் இன்று சர்வசாதாரணம்.

வெளியிலிருந்து ஓட்டும்போது, எதற்கு உள்ளே கோட்?

நியாயமான கேள்வி. ‘இந்தப் பட்டனை அழுத்து’, ‘இந்தப் பெட்டியில் இதை டைப் செய்’ என்று வெளியிலிருந்தே சொல்ல முடியும்தான். ஆனால் சில வேலைகளுக்கு அது போதாது.

ஓர் அட்டவணையில் 500 வரிசை, 10 நெடுவரிசை இருக்கிறது என்று வையுங்கள். வெளியிலிருந்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டால் 5,000 முறை போய் வரவேண்டும். உள்ளே ஒரு சின்ன கோடை அனுப்பி, ‘மொத்த அட்டவணையையும் பட்டியலாகக் கட்டிக் கொடு’ என்றால் ஒரே தடவையில் முடிந்துவிடும். கீழே இறங்க இறங்க மட்டுமே தகவல் வரும் பக்கங்களை ஸ்க்ரோல் செய்யவும், திரையில் தெரியாமல் பக்கத்தின் நினைவில் மட்டும் இருக்கும் எண்களை எடுக்கவும் உள்ளே போகும் கோட்தான் உதவும். பல வரைபடங்கள் இந்த ரகம். கண்ணுக்குத் தெரிவது கோடுகள். துல்லியமான எண்கள் பின்னால் ஒரு மாறியில் இருக்கும்.

செலினியத்தில் இதற்கான கட்டளை ‘எக்ஸிகியூட் ஸ்கிரிப்ட்’. பப்பெட்டியரிலும் பிளேரைட்டிலும் ‘இவேல்யுவேட்’. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

இரண்டு ஊர், நடுவில் தபால்

இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. உங்கள் பைத்தான் புரோகிராம் ஓர் ஊர். பிரவுசருக்குள் இருக்கும் பக்கம் இன்னோர் ஊர். ஓர் ஊரில் இருப்பவர் மற்ற ஊரை நேரில் பார்க்க முடியாது. நடுவில் தபால் போக்குவரத்து மட்டுமே உண்டு.

கோட் எழுத்தாக மடிக்கப்பட்டு, தபாலில் பக்கத்துக்குப் போகிறது. அங்கே பிரிக்கப்பட்டு ஓடுகிறது. விடை மறுபடி தபாலில் வருகிறது. புதிதாகக் கற்பவர்கள் மணிக்கணக்கில் முட்டிக்கொள்ளும் பிழைகளில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறப்பவை:

முதலாவது, பைத்தானில் வைத்திருக்கும் மாறி பக்கத்துக்குள் தெரியாது. தேவையானதை கோடுடன் சேர்த்தே அனுப்பவேண்டும்.

இரண்டாவது, தபாலில் எழுத முடிந்ததுதான் வரும். எண், எழுத்து, ஆம்-இல்லை, பட்டியல் எல்லாம் வரும். செயல்படும் ஒரு ஃபங்ஷன் வராது.

மூன்றாவது, செலினியத்தில் ‘ரிட்டர்ன்’ என்று எழுத மறந்தால் கோட் ஒழுங்காக ஓடும், ஆனால் கையில் ஒன்றும் வராது. பிழைச் செய்தியும் வராது.

நான்காவது, பக்கத்தில் உள்ள ஒரு பட்டனையோ வரிசையையோ கேட்டால் அந்தப் பொருள் வராது. அதற்கான டோக்கன் ஒன்றுதான் வரும். பக்கம் புதுப்பிக்கப்பட்டால் பழைய டோக்கன் செல்லாது.

ஐந்தாவது, உள்ளே இறக்கிய கோட் அந்தப் பக்கத்தோடு முடிந்தது. அடுத்த பக்கத்துக்குப் போனால் எல்லாம் அழிந்துவிடும். மறுபடி அனுப்பவேண்டும், அல்லது ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் முதலில் ஓடும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

ஓர் உதாரணம்: 2.5 லட்சம் பஞ்சாயத்து

நாட்டில் சுமார் 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. 100 நாள் வேலைத் திட்டம் என்று நாம் சொல்லும் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் தளத்தில், மாநிலம், மாவட்டம், வட்டாரம், பஞ்சாயத்து என்று இறங்கி இறங்கித்தான் பல அறிக்கைகளைப் பார்க்க முடியும்.

ஒரு பஞ்சாயத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், கையால் எடுக்க 4,166 மணி நேரம் ஆகும். தினம் 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் 520 நாள். புரோகிராம், சர்வரைத் தொந்தரவு செய்யாமல் ஒரு பக்கத்துக்கு 3 விநாடி என்று நிதானமாகப் போனால்கூட 9 நாளுக்குள் முடித்துவிடும். ‘பொதுவெளியில்தானே இருக்கு’ என்று சொல்லப்படும் தகவலை, ஒரு குடிமகன் நிஜமாகவே கேள்வி கேட்கும் அளவுக்குப் பயன்படுத்த முடியுமா என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம். இப்படிப்பட்ட அரசுத் தளங்கள் பலவும் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட் முறையில் கட்டப்பட்டவை. நீங்கள் பட்டியலில் ஒரு மாவட்டத்தைத் தேர்வு செய்தவுடன் ‘மாற்றம் நடந்தது’ என்று ஒரு சமிக்ஞை எழும். அதைக் கேட்டுத்தான் பக்கம் சர்வரிடம் போய் வட்டாரப் பட்டியலை வாங்கிவரும். கோட் வழியாக மதிப்பை மட்டும் மாற்றினால் இந்தச் சமிக்ஞை எழாது. திரையில் மாவட்டப் பெயர் மாறியிருக்கும், கீழே வட்டாரப் பட்டியல் பழையதாகவே இருக்கும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு மாவட்டத்தின் எண்கள் இன்னொரு மாவட்டத்தின் பெயரில் பதிவாகும். புரோகிராம் ‘வெற்றி’ என்றுதான் சொல்லும். அதை வைத்து யாரோ ஓர் அறிக்கை எழுதுவார்கள், அதை யாரோ மேற்கோள் காட்டுவார்கள். அதனால் மதிப்பை மாற்றியதும் சமிக்ஞையையும் கோட் வழியாக எழுப்பவேண்டும். புதிய பட்டியல் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த அடி. எடுத்து முடித்ததும் பத்து இருபது பஞ்சாயத்துகளைக் கையால் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் கட்டாயம். மாநில மொத்தத்தோடு கூட்டுத்தொகை ஒத்துப்போகிறதா என்பது அடுத்த சோதனை.

சோதனையாளர்கள் ஏன் எச்சரிக்கிறார்கள்?

சாஃப்ட்வேர் சோதனை உலகில் வேறொரு ஆபத்து உண்டு. வெப்டிரைவர் வழியாகப் பட்டனை அழுத்தினால், அந்தப் பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா, வேறு ஏதாவது அதை மறைக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அழுத்தும். உள்ளே இறக்கிய ஜாவாஸ்கிரிப்ட் அப்படிப் பார்க்காது. விளம்பரப் பெட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும் பட்டனையும் அழுத்திவிடும்.

டெஸ்ட் பாஸ். ஆனால் வாடிக்கையாளரால் அந்தப் பட்டனைத் தொடவே முடியாது! ‘கிளிக் வேலை செய்யலயா, ஜாவாஸ்கிரிப்டால அடிச்சு விடு’ என்பது டெட்லைன் நேரத்தில் கைகொடுக்கும் குறுக்குவழி. ஆனால் அது பிழையைத் தீர்ப்பதில்லை, ஒளித்துவைக்கிறது.

வெப்சைட்டால் கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். தரப்படி, ஆட்டோமேஷனில் ஓடும் பிரவுசர் ‘நான் வெப்டிரைவரால் இயக்கப்படுகிறேன்’ என்று ஓர் அடையாளத்தைக் காட்டவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் எழுப்பும் கிளிக்குக்கும் நிஜ மவுஸ் கிளிக்குக்கும் பிரவுசரே வேறு வேறு முத்திரை குத்தும். டைப் செய்யும் வேகம், ஒரே ஐபி முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளின் எண்ணிக்கை ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். கேப்ட்சா, ஓடிபி எல்லாம் இதற்கான தடுப்புகள்.

ஆனால் இது ஓயாத துரத்தல். ஒவ்வொரு தடுப்புக்கும் யாராவது ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். அதனால்தான் ரயில்வே நுட்பத்தை மட்டும் நம்பாமல் விதியை மாற்றியது. 2025 ஜூலை 1 முதல் ஆன்லைன் தட்கல் முன்பதிவுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். தட்கல் திறந்த முதல் 30 நிமிடங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட்களுக்கும் தடை.

இந்தத் துரத்தலில் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் யார் என்பதற்கு 2021 மே மாதம் ஓர் உதாரணம். 18 முதல் 44 வயதினருக்குத் தடுப்பூசி திறந்தபோது கோவின் தளத்தில் இடங்கள் விநாடிகளில் காலியாகின. கோவின் தந்த பொது ஏபிஐ மூலம் எங்கே இடம் காலி என்று டெலிகிராமில் சொல்லும் சேவைகள் வந்தன. சென்னையில் ஒரு புரோகிராமர் தொடங்கிய ‘அண்டர்45’ அவற்றில் ஒன்று. அறிவிப்பு எல்லோருக்கும் உதவியது. ஆனால் சிலர் ஒரு படி மேலே போய், படிவத்தைத் தானாக நிரப்பி முன்பதிவு செய்யும் ஸ்கிரிப்ட்களை ஓட்டினார்கள். ஸ்மார்ட்போனே இல்லாதவர் இந்தப் பந்தயத்தில் எங்கே நிற்பார்? அந்த மே இறுதியில் உச்ச நீதிமன்றமும் இந்த டிஜிட்டல் இடைவெளியைச் சுட்டிக்காட்டி மத்திய அரசைக் கேள்வி கேட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரவுசரை ஆட்டோமேட் செய்வது குற்றம் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எதற்காக, எப்படிச் செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43: உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் அமைப்பை அணுகினாலோ, அதிலிருந்து தகவலை எடுத்தாலோ, அதன் இயக்கத்தைக் குலைத்தாலோ இழப்பீடு கேட்கலாம். இதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தில் செய்தால் பிரிவு 66இன்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ரயில்வே சட்டம் 1989, பிரிவு 143: அனுமதி இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது கவுன்டர் காலத்துச் சட்டம், இ-டிக்கெட்டுக்குப் பொருந்தாது என்ற வாதத்தை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023: எடுக்கும் தகவலில் தனிநபர்களின் பெயர், எண், முகவரி இருந்தால் இந்தச் சட்டம் உள்ளே வரும். ஒருவர் தானாகவோ, சட்டக் கடமையாலோ பொதுவெளியில் வெளியிடப்பட்ட தகவலுக்கு விலக்கு உண்டு. ஆனால் ‘இணையத்தில் கிடைத்தது’ என்பதாலேயே எல்லாமே விலக்கில் வந்துவிடாது.

இது தவிர, எந்தப் பக்கங்களை பாட்கள் தொடக்கூடாது என்று தளம் சொல்லும் ‘ரோபாட்ஸ்’ கோப்பு உண்டு. அது சட்டம் அல்ல, 1994 முதல் இருக்கும் நாகரிகம்.

‘இதை பேஸ்ட் பண்ணுங்க’ என்று யாராவது சொன்னால்?

கோட் எழுதவே தெரியாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான்.

குரோமில் எஃப்12 விசையை அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். அதில் ‘கன்சோல்’ என்ற இடத்தில் எதை ஒட்டினாலும், அது நீங்கள் திறந்துவைத்திருக்கும் பக்கத்துக்குள் கோடாக ஓடும். ‘இதை ஒட்டினா உங்க புரொஃபைலை யார் பார்த்தாங்கன்னு தெரியும்’, ‘கேஷ்பேக் வரும்’ என்று வரும் மெசேஜ்களின் தந்திரம் இதுதான்.

பக்கத்துக்குள் ஓடும் கோடுக்கு அந்தப் பக்கத்தின் முழு உரிமையும் உண்டு. நீங்கள் லாகின் செய்திருந்தால், அந்தத் தளத்தைப் பொறுத்தவரை அந்த கோட் நீங்களேதான். உங்கள் பெயரில் மெசேஜ் அனுப்பலாம், அமைப்புகளை மாற்றலாம், தகவலை வெளியே கடத்தலாம். பாஸ்வேர்ட் தெரியவேண்டிய அவசியமே இல்லை. மேலே சொன்ன ‘சேம் ஆரிஜின்’ சுவர் வெளியாட்களைத் தடுக்கத்தான். நீங்களே கதவைத் திறந்து உள்ளே விட்டால் அது ஒன்றும் செய்யாது.

ஃபேஸ்புக் தன் கன்சோலில் ‘நில்’ என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வைத்திருப்பது இதற்காகத்தான். முதல்முறை கன்சோலில் ஒட்டும்போது குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தடுத்து, ஒட்ட அனுமதிப்பதாக உங்களையே டைப் செய்யச் சொல்வதும் இதற்காகத்தான்.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களும் இதே ரகம். ‘எல்லா வெப்சைட்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும்’ என்று அனுமதி கேட்டால், ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் தன் கோடை ஓடவிட அனுமதி கேட்கிறது என்று அர்த்தம். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனையே ஹேக்கர்கள் கைப்பற்றி, தீங்கான அப்டேட்டை அனுப்பினார்கள். பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை இன்றே நீக்கிவிடுங்கள்.

டேட்டா எடுக்க நினைப்பவர்களுக்கு

தொடங்கும் முன் இந்த வரிசையில் யோசியுங்கள்.

1. தகவல் வேறு வழியில் கிடைக்கிறதா? 2012 முதல் இயங்கும் மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில், மண்டி விலை உட்படப் பலவற்றுக்கு ஏபிஐ வசதி இருக்கிறது. அங்கே இருந்தால் பிரவுசரை ஓட்டவேண்டிய வேலையே இல்லை.

2. இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியுமா?

3. அதுவும் இல்லையென்றால்தான் ஆட்டோமேஷன். லாகின் கேட்கும் பகுதிக்குள் போகாதீர்கள். கோரிக்கைகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். முடிந்தால் இரவில் ஓட்டுங்கள். அந்த சர்வரில்தான் ஒரு பஞ்சாயத்துச் செயலரும் வேலை செய்துகொண்டிருப்பார்.

4. தேவையில்லாத தனிநபர் விவரங்களை எடுக்கவே எடுக்காதீர்கள். எடுக்காத தகவல் கசியாது.

5. எந்தத் தேதியில், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதையும், ஓடிய கோடையும் சேமித்துவையுங்கள். நாளை அந்தப் பக்கமே மாறலாம். உங்கள் எண்ணை யாராவது கேள்வி கேட்டால், காட்ட உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.

தட்கல் பாட்டும் பஞ்சாயத்து டேட்டாவும் ஒரே கட்டளையில்தான் தொடங்குகின்றன. ஒன்று, வரிசையில் நிற்பவரின் இடத்தைப் பறிக்கிறது. மற்றொன்று, எல்லோருக்கும் சொந்தமான தகவலை எல்லோரும் படிக்கும்படி தருகிறது. கோடைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது ஓடியதால் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு எது போனது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.